காற்றுக்கு முதுகு காட்டியவள்

அந்தத் தீவில் மேகக்காவிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு மழை வருமாக்கா?"

வயதைக் கேட்கலாம். எடையைக் கேட்கலாம். போயும் போயும் அந்தப் படகு மெக்கானிக்கை எப்படிக் கட்டிக்கொண்டாய் என்றுகூடக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். மழையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மூடிய கடை போல ஆகிவிடும். "நான் பாக்கறவ. சொல்றவங்க பெரிய தீவுல இருக்காங்க. போன் போட்டு அவங்களையே கேளுங்க" என்று நடையைக் கட்டிவிடுவாள்.

இத்தனைக்கும் அவள் சம்பளம் வாங்குவதே வானத்தைப் பார்ப்பதற்குத்தான். படகுத்துறைக்கு மேலே, குன்றின் உச்சியில், இரண்டு அறையும் ஒரு முற்றமுமாக இருந்த வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பகல் முறை அவளுடையது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை முற்றத்துக்கு வந்து அண்ணாந்து நிற்பாள். வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் பிடித்திருக்கிறது என்று கண்ணாலேயே அளப்பாள். வெளியே வெள்ளைப் பலகைக் கூண்டுக்குள் வெப்பமானி, உள்ளறைச் சுவரில் இரண்டு காற்றழுத்தமானி, கூரைமேல் காற்றுத் திசைகாட்டி. எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, எண்களாக்கி, பெரிய தீவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் படிப்பாள். அந்த எண்களை வைத்து மழை என்றோ புயல் என்றோ வாயைத் திறக்கும் உரிமை தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான். விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

இந்த வேலை அவளுக்குக் கிடைத்த கதையைத் துறைமுகத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நேர்காணலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "ஜன்னல் வழியா என்ன தெரியுது?" என்று கேட்டார்களாம். எல்லோரும் வானம், கடல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் மட்டும் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ இருக்கற மேகம் கிழக்கேருந்து வருது, மேல இருக்கறது மேற்கேருந்து வருது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல" என்றாளாம். மறுவாரமே உத்தரவு வந்துவிட்டது. மேகமும் அக்காவும் ஒட்டி மேகக்கா ஆனதும் அப்போதுதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விதிப்புத்தகத்தை அவள் ஒரே ஒரு தடவை மீறியிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் லாண்டரிக்காரர், விடுதியின் படுக்கை விரிப்புகள் அறுபதைத் துவைத்து வைத்துக்கொண்டு, "காயப் போடலாமாக்கா?" என்று கேட்டார். தெளிந்த வானம். "தாராளமா போடுங்க, மழை வராது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, கடலிலேயே மொத்தம் ஒரே ஒரு மேகம், விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தது மாதிரி நேராக அந்தக் கொடிகளுக்கு மேலே வந்து நின்று கொட்டிவிட்டுப் போனது. பக்கத்துத் தெருவில் ஒரு சொட்டு இல்லை. லாண்டரிக்காரர் சொட்டச் சொட்ட ஒரு விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு குன்றேறி வந்து, முற்றத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அன்றிலிருந்து தெருவில் அவர் இந்தப் பக்கம் வந்தால் இவள் அந்தப் பக்கம்.

நான் சொல்ல வந்தது அந்த வாயை அவள் மறுபடி திறந்த நாளைப் பற்றி.

அன்று காலை சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. உயரத்தில் மெல்லிய இறகு மேகங்கள், தெற்கே ஏதோ ஒரு புள்ளியிலிருந்து விசிறி விரித்தது போலப் பரவிக் கிடந்தன. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய் அழுத்தமானியைப் பார்த்தவள், அதன் கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அந்தக் கடலில் காற்றழுத்தம் மனிதர் மூச்சு மாதிரி தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலையில் பத்து மணி வரை ஏற வேண்டும். இருபத்தாறு வருடமாக ஏறியிருக்கிறது. அன்று ஒன்பது மணிக்கு ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

தலைமை அலுவலகத்தில் வரைபடம் போடும் அதிகாரியின் குரல் அவளுக்குப் பதினொரு வருடப் பழக்கம். ஆளைப் பார்த்ததில்லை. குரலை வைத்து ஆறடி உயரம் என்று கணித்து வைத்திருந்தாள்.

"சார், அழுத்தம் ஏறல."

"புயல் சின்னம் ஒண்ணு உங்களுக்கு வடக்க முன்னூறு கிலோமீட்டர்ல இருக்கு. அதோட விளைவா இருக்கும். விலகிப் போயிட்டிருக்கு. கவலைப்படாதீங்க."

"வடக்க இருந்தா எங்களுக்குக் காத்து மேற்கேருந்து வரணும் சார். கிழக்கேருந்து வருது."

"செயற்கைக்கோள் படம் என் முன்னாடி இருக்கு. மேகம் மொத்தமும் வடக்கதான் குவிஞ்சிருக்கு."

"மேலேருந்து பாத்தா மூடிதான் சார் தெரியும். நான் பாத்திரத்துக்குள்ள நிக்கறேன்."

அதிகாரிக்கு இந்த உவமை ரசிக்கவில்லை. "உங்க அழுத்தமானி ரொம்பப் பழசு. பழுதா இருக்கலாம்."

"ரெண்டு இருக்கு சார். ரெண்டுக்கும் ஒரே நேரத்துல ஒரே அளவுக்கா பைத்தியம் பிடிக்கும்?"

மறுமுனையில் குரல் கறாரானது. "பார்வையாளர் வேலை பாக்கறது. எச்சரிக்கை விடணும்னா நாங்க விடுவோம். பன்னிரண்டு மணி அளவைப் படிங்க, அப்புறம் பேசலாம்."

பன்னிரண்டு மணிக்கு என்ன பேசினாலும் பிரயோசனமில்லை. பத்தரைக்குத் தெற்குத் தீவுக்குப் பயணப் படகு கிளம்பிவிடும். அந்தப் படகின் கேப்டன் அவளுடைய சொந்த அண்ணன். எஞ்சின் மெக்கானிக் அவளுடைய சொந்தப் புருஷன்.

நூற்றுப் பன்னிரண்டு படியையும் அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் படகுத்துறையில் டீ குடித்துக்கொண்டு நின்றார். பயணிகள் முப்பத்தெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். லாண்டரிக்காரரும் தெற்குத் தீவு விடுதிக்கு வெளுத்த விரிப்புகளை மூன்று பெரிய மூட்டையாகக் கட்டி ஏற்றிவிட்டு, மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இன்னைக்குப் படகை எடுக்காத."

"ஏன், பெரிய தீவுலேருந்து எச்சரிக்கை வந்துச்சா?"

"வரல. நான் சொல்றேன்."

அண்ணன் டீக் குவளையைக் கீழே வைத்தார். கடலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்பார், தங்கை சொன்னால் மட்டும் காது கேட்காது. தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் தனக்குக் கடலைக் கற்றுக்கொடுப்பதா என்பது அவர் கட்சி. ஆனால் அவள் வாயைத் திறந்து வானிலை சொல்லி ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.

"எதை வச்சுச் சொல்ற?"

"காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு."

"என்ன விளையாடறியா? அத்தனை பேரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நில்லு. இடது கையைப் பக்கவாட்டுல நீட்டு."

முணுமுணுத்துக்கொண்டே நின்றார். போக்குவரத்துக் காவலர் மாதிரி கை நீண்டது. படகின் மூக்கு எந்தத் திசையில் போக இருந்ததோ அதே திசையில், தெற்கே.

"அந்தக் கை காட்டற இடத்துலதான் அது உக்காந்திருக்கு" என்றாள்.

நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை. அந்த விரல் நுனிக்கு அப்பால் இருந்த கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலைலேருந்து அலை நீள நீளமா வருது. நானும் கவனிச்சேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆனா கம்பெனிக்கு என்ன பதில் சொல்றது? தங்கச்சி கையை நீட்டச் சொன்னா, நீட்டினேன், நிறுத்திட்டேன்னா?"

"எஞ்சின் பழுதுன்னு சொல்லு."

"அதை உன் வீட்டுக்காரர் இல்ல சொல்லணும்?"

அங்கேதான் சிக்கல். மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான முதல் வாரம், சமையல் எப்படி இருக்கிறது என்று புது மனைவி கேட்டதற்கு, நன்றாக யோசித்துவிட்டு, "பசி இருந்தா சாப்பிடலாம்" என்று சொன்ன மனிதர். இப்போதும் எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டி, "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு? காலைல நான்தானே பாத்தேன்" என்று பாதிப் படகுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். மேகக்கா குனிந்து காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் கைத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பழுதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பிரிச்சிடறேன். பிரிச்ச எஞ்சின் ஓடாது. அது பொய்யில்ல."

சொன்னபடியே தண்ணீர்ப் பம்பைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பூ மாதிரி துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் பயணிகளிடம் "கொஞ்சம் தாமதம்" என்று மட்டும் சொன்னார்.

பதினொன்றரை வரை அந்தக் கொஞ்சம் தாங்கியது. அதற்குமேல் லாண்டரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. எஞ்சின் அறை வாசலில் வந்து குனிந்தார்.

"என்ன பழுது?"

"பழுதுன்னு ஒண்ணும் இல்லீங்க. பம்பைக் கழட்டியிருக்கேன்."

"பழுது இல்லாததை எதுக்குக் கழட்டினீங்க?"

"அதை என் பொண்டாட்டிகிட்டதான் கேக்கணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் சோறே போடாமல் இலையின் நடுவில் வைத்துவிட்டார். முப்பத்தெட்டுப் பேரும் படகுத்துறையில் நின்ற மேகக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. அவளுக்கும் ஒளித்து ஒளித்து அலுத்துவிட்டிருந்தது.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்ல" என்றாள். "நான்தான் பிரிக்கச் சொன்னேன். தெற்க புயல் இருக்கு. நீங்க போற வழியில."

யாரோ சிரித்தார்கள். லாண்டரிக்காரர் சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினார். "அன்னைக்கு மழை வராதுன்னீங்க. கொட்டிச்சு. இன்னைக்குப் புயல் வரும்ங்கறீங்க. அப்ப வராது. கேப்டன், பம்பை மாட்டச் சொல்லுங்க."

கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"மாட்டட்டும்" என்றாள் மேகக்கா. "மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நான் மேல போயி பன்னிரண்டு மணி அளவை எடுத்துட்டு வரேன். அழுத்தம் ஒரு புள்ளி ஏறியிருந்தாலும் போதும், படகு முனையில உக்காந்து உங்ககூட நானும் தெற்குத் தீவுக்கு வரேன்."

கட்டிப்போட்ட படகைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும் என்பது தீவறிந்த ரகசியம். மகளைப் பெரிய தீவுக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது, போக ஒரு வாளி, வர ஒரு வாளி என்று கொண்டுபோனவள். அவள் அப்படிச் சொல்கிறாள் என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்கள்.

மறுபடி நூற்றுப் பன்னிரண்டு படி. பன்னிரண்டு மணிக்கு இரண்டு அழுத்தமானியும் மூன்று மணி நேரத்தில் ஏழு புள்ளி இறங்கியிருந்தன. எண்களைப் படித்தாள்.

"திரும்பப் படிங்க" என்றது மறுமுனை.

படித்தாள்.

"அங்க என்ன சத்தம்?"

"காத்து சார்."

"கதவை மூடிட்டுப் பேசுங்க."

"மூடித்தான் சார் இருக்கு."

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் இவளுக்குக் கேட்டது. பன்னிரண்டேகாலுக்கு எச்சரிக்கை பிறந்தது. அது துறைமுக அலுவலகத்துக்கு வந்து, பலகையில் எழுதப்படுவதற்குள் வானமே முந்திக்கொண்டது. அவள் கீழே வந்தபோது தெற்கு அடிவானத்தில் கருங்கல் சுவர் எழுப்பியது போல ஒரு கருமை நின்றது. அதற்கு முன்னால் கிழிந்த மேகத் துண்டுகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. பயணிகள் எல்லோரும் இறங்கி அந்தப் பக்கமே பார்த்து நின்றார்கள். பம்பு மாட்டியாகிவிட்டது, ஆனால் கிளம்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. லாண்டரிக்காரர் வானத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். "ஒரு கை குடுங்கப்பா" என்றார்.

தீவிலேயே கனத்த சுவரோடு, ஜன்னலே இல்லாமல் இருந்த கட்டடம் ஐஸ் தொழிற்சாலைதான். பயணிகளும் துறைமுகத் தெருக்காரர்களுமாக நூறு பேருக்குமேல் அதற்குள் போனார்கள். அண்ணன் படகை எட்டுக் கயிற்றால் கட்டிவிட்டுக் கடைசியாக வந்து கதவைச் சாத்தினார். ஒன்றரைக்குப் புயல் வந்து மோதியது. வெளியே கூரைத் தகடுகள் பறக்கிற சத்தம். உள்ளே பல் கிட்டுகிற சத்தம். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, வரும் வழியில் மழையில் நனைந்த உடையோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? லாண்டரிக்காரர் மூட்டைகளை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் நூறு பேரும் வெள்ளை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்திருந்தால் பேய்கள் பொதுக்குழு கூட்டியிருப்பதாக நினைத்துப் புயலுக்குள்ளேயே ஓடியிருப்பான். மேகக்காவுக்கும் ஒரு விரிப்பு வந்தது. கொடுத்த லாண்டரிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நனைஞ்ச முந்தானையைக் கழுத்துல சுத்தாதீங்க, சளி பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, யாரோ சுவிட்சை அணைத்தது போலக் காற்று நின்றது. நாலு பேர் கதவைப் பார்த்து எழுந்தார்கள்.

"யாரும் வெளிய போகாதீங்க" என்றாள் மேகக்கா. "இது பாதிதான். நடுவுல இருக்கோம். மீதி எதிர்ப்பக்கத்துலேருந்து வரும்." சொல்லிவிட்டு அவளே எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"நீ எங்க போற?" என்றார் அண்ணன்.

"மூணு மணி அளவு எடுக்கணும்."

"கருவி எல்லாம் மேல இருக்கு."

"கண்ணு இங்கதானே இருக்கு."

தங்கையோடு வாதாடி ஜெயித்த வரலாறு அவருக்கு இல்லை. அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். மெக்கானிக் வந்து அந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டார். மூவரும் ரயில் விளையாட்டுப் போலத் தொழிற்சாலை முற்றத்துக்கு வந்தார்கள்.

கூரை விளிம்பிலும் தரையிலும் கடற்பறவைகள் நிறைந்திருந்தன. களைத்துப்போய், ஆட்களைப் பார்த்தும் நகரவில்லை. மேகக்கா அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் மேகம் வெள்ளைச் சுவராக, அடுக்கடுக்காக, கண்ணுக்கெட்டிய உயரத்துக்கு நின்றது. சுவர் முழுவதும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நட்டநடுவில் துடைத்து வைத்த மாதிரி நீலம். அதன் வழியாக வெயில் இறங்கிக் கிழக்குச் சுவரின் மேல் பாதியை மட்டும் மஞ்சளாக்கியிருந்தது. இருபத்தாறு வருடமாக மேகத்தை அடியிலிருந்து பார்த்தவள், உள்ளே நிற்பது இதுதான் முதல் தடவை. பயமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வரவில்லை. அவ்வளவு பெரிய ஒன்று, இவ்வளவு சத்தமில்லாமல் சுற்றுகிறதே என்றுதான் இருந்தது. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட மனமில்லாமல் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் பாப்ப?" என்று கயிறு அசைந்தது.

"இன்னும் கொஞ்சம்ணா."

மொத்தம் பதினோரு நிமிடம் கிடைத்தது. மேற்கே இரைச்சல் எழுந்ததும் மெக்கானிக் இருவரையும் சேர்த்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

ஐந்தரைக்குள் எல்லாம் ஓய்ந்தது. படகுத்துறையில் பாதி போயிருந்தது. விடுதியின் பெயர்ப்பலகை காணவே காணோம். வானிலை நிலையத்தின் வெளியறைக்குக் கூரை இல்லை. வெப்பமானிக் கூண்டு பள்ளி மைதானத்தின் நடுவில், யாரோ தூக்கி வந்து வைத்தது போல நேராக நின்றது, உள்ளே கருவி உடையாமல். தீவில் இரண்டு பேருக்குக் கையில் சிராய்ப்பு. அண்ணனின் படகுக்கு ஒரு கயிறு மட்டும் அறுந்திருந்தது.

பத்தாம் நாள் பெரிய தீவிலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று பாராட்டு. இன்னொன்று, அதிகாரமில்லாமல் புயல் அறிவித்ததற்கு விளக்கம் கேட்டு. எதற்கு முதலில் பதில் எழுதுவது என்று மேகக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அழுத்தமானிகளைச் சோதிக்க அந்த அதிகாரியே நேரில் வந்து இறங்கினார். ஆறடி இல்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. அதிலும் படகுப் பயணத்தில் பாதி குறைந்து, முகம் வெளிறி வந்தார். அவளுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டி முகரக் கொடுத்தாள்.

தான் கொண்டுவந்த கருவியை இரண்டு அழுத்தமானிக்கும் பக்கத்தில் வைத்து அரை நாள் ஒப்பிட்டார். வித்தியாசமில்லை. "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு கோப்பை மூடி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உள்ள நின்னு பாத்தீங்களாமே. கேப்டன் சொன்னாரு. எப்படி இருந்துச்சு?"

"நீங்க தினமும் படத்துல பாக்கறதுதானே சார்."

"படத்துல அது ஒரு புள்ளிங்க. முப்பது வருஷமாப் புள்ளியத்தான் பாக்கறேன்."

அவள் சொன்னாள். சுவரைச் சொன்னாள், வெயிலைச் சொன்னாள், பறவைகளைச் சொன்னாள். அவர் நடுநடுவே நிறுத்தி, "மேல் விளிம்பு சாஞ்சிருந்துச்சா, நேரா இருந்துச்சா?" என்றெல்லாம் கேட்டுச் சின்ன நோட்டில் படம் போட்டுக்கொண்டார். இப்படியே நாலு மணிப் படகைக் கோட்டைவிட்டார்.

வேறு வேலை இல்லாததால், ஆறு மணி அளவைத் தானே எடுப்பதாகச் சொன்னார். முற்றத்தில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அஞ்சு பங்கு மேகம்" என்றார்.

"ஆறு சார்" என்றாள் மேகக்கா. "அந்தக் குன்றுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சிருக்கு பாருங்க."

"அது மேகமில்ல, புகை."

"அந்தப் பக்கம் யாரும் அடுப்பு மூட்டறதில்ல சார்."

இருவரும் கழுத்து வலிக்க நின்று வாதாடினார்கள். மெக்கானிக் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. பதிவேட்டில் அந்த நாளுக்கு, அதிகாரியின் கையெழுத்தில், ஆறு என்றுதான் இருக்கிறது.